பாதபடி ஊழியமும் என் தம்பியின் கால்களும்

என் தம்பிக்கு வேண்டியிருந்தது ஒரு ஜோடி ஷூ. அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாதபடி இளைஞர் ஊழியம் அவனுக்கு வாரிக் கொடுத்தது. பொய் சொல்லக் கூடாது. ஜெபம் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், நெஞ்சில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள், அவன் காலை வெந்நீரில் கழுவி வாசனைத் துண்டால் துடைத்தும் விட்டார்கள். இவ்வளவு செய்தவர்களைக் குறை சொல்கிறாளே, வாயாடி என்று யாராவது என்னைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள் நான். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு மெஷினோடு மல்லுக்கட்டுகிறேன். மற்ற நேரத்திலாவது பேச வேண்டாமா?

தம்பியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா செத்துப்போன வருஷம் வளர ஆரம்பித்தவன், நிறுத்துகிற வழியைக் காணோம். அந்த உயரம்தான் அவனைக் கெடுத்தது. தெருப் பையன்கள் சிலர் ஒரு கடையின் கதவை உடைத்துவிட்டு ஓடியபோது, பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த இவனும் பயத்தில் கூடவே ஓடியிருக்கிறான். கடைக்காரருக்கு மற்ற எவன் முகமும் ஞாபகமில்லை. 'ஒரு நெட்டைப் பையன்' மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. நீயும் ஓடினாயா என்று கேட்டதும் இவன் ஆமாம் என்றுவிட்டான், சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். அங்கே எதைத் திருத்தினார்களோ தெரியாது, வெளியே வந்த பிறகு ஒருத்தரும் வேலை தரவில்லை. எங்கே போனாலும் முதலில் அவனை அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

கடைசியில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் சூப்பர்வைசர்தான் வேறு மாதிரி கேட்டார்.

"ஏணி இல்லாம மேல் தட்டு எட்டுமா?"

"எட்டும் சார்."

"அப்ப திங்கட்கிழமை வா. நீ எங்க இருந்து வந்தா எனக்கென்ன, பெட்டி இறங்கினா சரி. ஆனா மூடின ஷூ போட்டுட்டு வரணும். உள்ள தரை பூரா ஐஸ். ஷூ இல்லாம வந்தா வாட்ச்மேன் கேட்லயே நிறுத்திடுவான். வெளிய வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க, பார்த்தல்ல?"

பார்த்தோம். ஆனால் நெட்டையின் கால் பன்னிரண்டாம் நம்பர். கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாம் பத்தோடு நின்றுவிடுகிறது. பழைய சாமான் கடைக்காரன் இவன் காலைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் படகுதான் வாங்கணும்" என்று சிரித்தான். நாய்க்குப் பிறந்த சிரிப்பு. புதிதாகச் செய்யச் சொன்னால் பல நாள் ஆகும் என்றார்கள், விலையைக் கேட்டதும் நாங்களே நடையைக் கட்டினோம். குதிகால் வெளியே தொங்குகிற ஒரு ரப்பர் செருப்புதான் அவனிடம் இருந்த ஒரே சொத்து.

பக்கத்து மெஷின்காரிதான் வழி சொன்னாள். "பாதபடி ஊழியத்துக்குப் போயேன். ஏழைப் பிள்ளைங்க, ஜெயில்ல இருந்து வந்த பிள்ளைங்க, வீடு இல்லாத பிள்ளைங்க, இவங்களுக்காகவே நடத்துறாங்களாம். ஒரு ரூம் நிறைய ஷூ இருக்குன்னு என் கண்ணால பார்த்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. மூன்று மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, காலை வைத்தால் புதைகிற கம்பளம். சுவர் முழுக்க வெறுங்கால்களின் படம். சின்னக் கால், வெடித்த கால், கட்டை விரல் நகமில்லாத கால், எல்லாம் பெரிதாக்கி, கீழே விளக்குப் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையிலிருந்து கூரைவரை ஷூ. இரண்டாவது தட்டில் கறுப்பு நிறத்தில் படகு மாதிரி ஒரு ஜோடி இருந்தது. நெட்டை என் முழங்கையை இடித்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பொறுப்பாளர் சிஸ்டர் எங்களை உட்கார வைத்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை, எப்போதும் பாதி சாய்ந்த தலை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஷூவா?" என்றார், ஏதோ நான் அவருடைய கிட்னியைக் கேட்டதைப் போல.

"ஆமாங்க. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். அதோ அந்தக் கறுப்பு ஜோடி இவனுக்குச் சரியா இருக்கும்."

"அம்மா, எங்க ஊழியத்தோட தரிசனமே பாதம்தான். தள்ளிவிடப்பட்ட பிள்ளைங்களோட பாதத்தைக் கழுவத்தான் ஆண்டவர் எங்களை அழைச்சிருக்கார். ஷூ போட்டுட்டா பாதம் எங்க தெரியும்?"

"கழுவிட்டுப் போட்டுக்கட்டுமே சிஸ்டர்."

"ஷூ குடுக்கிறது சமூக சேவை. அதை யார் வேணா செய்யலாம். கால் கழுவுறதுதான் ஊழியம்."

"அப்ப அந்த ரூம்ல இருக்கிறதெல்லாம்?"

"அது சபைகள் அனுப்பின அன்பு" என்றார் சிஸ்டர். "வர்ற விருந்தாளிங்களுக்கு அந்த அன்பைக் காட்டணும்ல? எடுத்து எடுத்துக் குடுத்துட்டா அப்புறம் என்னத்தைக் காட்டுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாதம் கழுவும் ஆராதனை. பன்னிரண்டு இளைஞர்கள் வேண்டும். பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள். நெட்டை வந்து உட்கார்ந்தால், ஆராதனை முடிந்ததும் தலைவர் ஐயாவிடம் அவரே ஷூ விஷயத்தைப் பேசுவார். சொல்லும்போதே அவர் கண் நெட்டையின் காலில்தான் இருந்தது. "இவ்வளவு பெரிய பாதம் எங்களுக்குக் கிடைச்சதே இல்லை" என்றார் மெதுவாக.

ஞாயிறு முடிந்தால் திங்கள். வேறு வழி? சரி என்று தலையாட்டினேன்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். பெரிய மனிதர் கையால் தொடப்போகிற காலாயிற்றே என்று சனிக்கிழமை சாயங்காலம் தம்பியைக் குழாயடியில் உட்காரவைத்து, துணி சோப்பைப் போட்டு, கல்லால் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தேன். நகம் வெட்டினேன். அவன், "ஐயோ அக்கா, தோல் உரியுதுக்கா" என்று கத்தியும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், மற்ற பதினொரு பேர் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. பாலத்துக்கு அடியில் படுக்கிற ஒரு பையன்கூட எங்கேயோ குழாயைத் தேடிப் பிடித்துத் தேய்த்துவிட்டு வந்திருந்தான். பன்னிரண்டு ஜோடிக் கால்களும் பளபளவென்று இருந்தன.

சிஸ்டர் வரிசையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யார் உங்களைக் கழுவச் சொன்னது?"

நெட்டை மட்டும், "அழுக்கா இருந்துச்சு சிஸ்டர்" என்றான்.

"அழுக்கா இருந்ததாலதானே கூப்பிட்டோம்! இந்தக் காலை வச்சிக்கிட்டு ஐயா என்னத்தைக் கழுவுவார்?"

கேமராக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "படத்துல தண்ணி தெளிவா வரும் மேடம், சாட்சியே இருக்காது" என்றார். உடனே அறைக்குள் ஒரு அவசர ஆலோசனை. தோட்டத்து மண்ணைப் பூசலாம் என்றார் ஒருவர். அது சுத்தமில்லை, ஐயாவின் கைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்றார் இன்னொருவர். கடைசியில் பூந்தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த பை மண்ணைச் சலித்து, சூடு காட்டி, கிருமிநாசினி தெளித்துக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு நர்ஸம்மா எல்லோர் காலையும் மருந்து போட்டு மறுபடி கழுவினார். பிறகு சின்ன பிரஷ் எடுத்து, குதிகாலில் கொஞ்சம், விரலிடுக்கில் கொஞ்சம் என்று மண்ணைத் தீட்டினார்கள். சிஸ்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இவனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, பயமா இருக்கு, குறைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் ஒரு சாயங்கால உழைப்பு, போங்கள்.

வாசலிலேயே எல்லோருடைய செருப்பையும் ஒரு பையில் போட்டு வாங்கிவிட்டார்கள். பழைய வாழ்க்கையைக் கழற்றி வைப்பதாம். அந்தப் பையைத் துப்புரவுப் பணியாளர் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒத்திகையும் நடந்தது. தலைவர் ஐயா காலைத் துடைத்ததும் மைக்கை நீட்டி, "மகனே, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். பிள்ளைகள், "ஜெபம் போதும் ஐயா" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது குரல் உடைய வேண்டும். பாலத்தடிப் பையன் நன்றாக உடைத்தான். அவனை மூன்றாவது நாற்காலியிலிருந்து இரண்டாவதுக்கு உயர்த்தினார்கள்.

துண்டு பிடிக்க ஆள் குறைகிறது என்று என்னை மேடையிலேயே நிறுத்தினார்கள். அதற்கு அப்புறம் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்களோ, பாவம்.

கூடம் நிறைந்து வழிந்தது. தலைவர் ஐயா வந்தார். நல்ல உயரம், நெட்டைக்குக் காதளவு இருப்பார். முகம் பார்க்கலாம் போல மின்னுகிற பழுப்பு ஷூ. அதைக் கழற்றி ஒரு வெல்வெட் மெத்தையில் வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்தார்.

"பிரியமானவர்களே, நான் இந்த ஊழியத்தை ஆரம்பிச்சப்போ ஒரு சின்ன வாடகை ரூம். ஃபேன்கூடக் கிடையாது. இன்னைக்கு மூணு மாடி, லிஃப்ட், குளிர் வசதி. யாரால? என்னால இல்லை! இந்த ஏழைப் பிள்ளைகளோட பாதத்தால! அன்னைக்கு வெறுங்காலோட வந்தாங்க. இத்தனை வருஷம் ஆகியும் அதே வெறுங்காலோட வர்றாங்க. ஒருத்தன்கூட மாறலை. என்ன ஒரு உறுதி!"

கூடம் முழுவதும் ஸ்தோத்திரம் என்றது.

"சில பேர் எங்கிட்ட கேக்கறாங்க, ஐயா, இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு வேலை வாங்கித் தரலாமேன்னு. தரலாம். ஒரு போன் பண்ணாப் போதும். ஆனா வேலைக்குப் போயிட்டா அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த நாற்காலியில யார் உக்காருவா? நீங்க உக்காருவீங்களா?"

ஜனங்கள் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கையிலிருந்த துண்டை முறுக்கி அவர் வாயில் அடைக்கலாமா என்றிருந்தது.

முதல் நாற்காலி நெட்டைக்கு. பாதம் பெரிது என்பதால் கடைசி வரிசைக்கும் தெரியுமாம். ஐயா மண்டியிட்டார். பூந்தொட்டி மண் தண்ணீரில் கரைந்து நல்ல கறுப்பாக ஓடியது. கூடம், "ஆ" என்றது. ஐயா துடைத்தார், பாதத்துக்கு ஒரு சாண் மேலே காற்றில் முத்தமிட்டார், மைக்கை நீட்டினார்.

"மகனே, உனக்கு என்ன வேணும்?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தானே சீர்திருத்தப் பள்ளிக்கே போனான்.

"ஷூ வேணும் ஐயா. பன்னிரண்டாம் நம்பர். நாளைக்கு வேலைக்குப் போகணும்."

சிஸ்டர் சுவரில் சாய்ந்துவிட்டார். ஆனால் ஐயா அனுபவஸ்தர். சின்னதாகச் சிரித்து ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? இந்த ஏழைப் பிள்ளை என்ன கேக்கறான் பாருங்க! இந்த உலகத்து ஷூவை இல்லை. அதை எவன் கேப்பான்? ஆவிக்குரிய பாதரட்சையைக் கேக்கறான்! எல்லாரும் கண்ணை மூடுங்க. இந்தப் பிள்ளைக்கு அதை இப்பவே வாங்கிக் குடுத்திடுவோம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஐயா மண்டியிட்டபடியே ஆரம்பித்தார். உலகம் உண்டான கதையிலிருந்து ஆரம்பித்தார். கேமராக்காரர் பேட்டரி மாற்றப் போயிருந்தார். எனக்கு ஒன்றும் யோசனை ஓடவில்லை, ஆத்திரம்தான். வெல்வெட் மெத்தையிலிருந்து அந்தப் பழுப்பு ஷூவை எடுத்தேன், குனிந்தேன், தம்பியின் ஈரம் காய்ந்த காலில் மாட்டினேன். கச்சிதம். லேஸ் கட்டி, இரண்டு முடிச்சும் போட்டேன். ஜெபம் அதற்குள் பாதிக்குக்கூட வரவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, பின்பக்க வாசல் வழியாக நடந்தே வெளியே வந்துவிட்டோம்.

"அக்கா, இது திருட்டு இல்லையா?" என்றான் தெருமுனையில்.

"உன் செருப்பைத் தூக்கிப் போட்டாங்கல்ல? வாயை மூடிட்டு நட" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனான். வாட்ச்மேன் காலைப் பார்த்தார், கதவைத் திறந்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தலைமுடியெல்லாம் ஈரம், உதடு வெளிறியிருந்தது, முகம் மட்டும் மலர்ந்து கிடந்தது. ஷூவைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இன்னைக்கு ஒருத்தர்கூட நான் எங்க இருந்து வந்தேன்னு கேக்கலைக்கா. மேல் தட்டுப் பெட்டியை எடுன்னு மட்டும்தான் சொன்னாங்க."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுகையைக் காட்டினால் கிண்டல் பண்ணுவான்.

போலீஸ் வரும் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் பதறிக்கொண்டிருந்தேன். போலீஸ் வரவில்லை, போஸ்டர் வந்தது. எங்கள் கம்பெனிச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். தலைவர் ஐயா வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து காரில் ஏறுகிற படம். முகம் சுளித்திருந்தது, கல் குத்தியிருக்கும். அதற்குக் கீழே, 'தன் காலணியையே ஏழைக்குத் தந்த தலைவர்' என்று கொட்டை எழுத்து. விசாரித்தேன். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததும் சிஸ்டர், "ஐயோ ஷூவைக் காணோம்!" என்று அலறியிருக்கிறார். கூடமே திகைத்து நிற்கும்போது ஐயா ஒரு நொடி யோசித்து, "நான்தான் குடுத்தேன்" என்றாராம். ஜனங்கள் விம்மி விம்மி அழுதார்களாம். அந்த வாரமே லாரி லாரியாக ஷூ வந்து இறங்கியதாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குப் பெயர், நமக்கு ஷூ, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி வாசலில் ஊழியத்தின் வேன் வந்து நின்றது. ஐயா முன் சீட்டில், கேமராக்காரர் நடுவில், பின்னால் சிஸ்டர். அவர் மடியில் ஒரு காலிக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெல்வெட்.

"ஏறுங்கம்மா, உங்க தம்பியைப் பார்க்கத்தான் போறோம்" என்றார் சிஸ்டர். வழியில் விளக்கினார். நான்காவது மாடி கட்டப்போகிறார்கள். அங்கே ஐயாவின் தியாகத்தை ஜனங்கள் வந்து பார்க்க ஒரு கூடம். பெட்டி தயார். உள்ளே வைக்க அந்த ஷூ வேண்டும்.

"எடுத்துக்கிட்டா அவன் எதைப் போட்டுக்கிட்டு வேலை செய்வான்?" என்றேன். "சரி, அந்தக் கறுப்பு ஜோடியைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கோங்க."

சிஸ்டர் திடுக்கிட்டார். "ஐயா தன் கால்ல இருந்து கழற்றிக் குடுத்த ஷூவுக்குப் பதிலா இன்னொரு ஷூவா? அப்ப அவர் குடுத்ததுக்கு என்னம்மா மரியாதை?"

கிடங்கு வாசலில் சூப்பர்வைசர் ஓடி வந்து ஐயாவுக்குக் கைகொடுத்தார். போஸ்டரைப் பார்த்திருக்கிறார். தம்பியை வெளியே கூப்பிட்டார்கள். புருவத்தில் பனித் துகளோடு வந்தான். ஐயா அவன் தோளில் கைபோட்டு, கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே, எனக்கும் அவனுக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் குடுத்த ஷூன்னா நான் திருப்பிக் கேக்கலாம். நான் குடுக்கலைன்னா போலீஸ் கேக்கும். நீ எங்க இருந்து வந்த பிள்ளைன்னு அவங்களுக்குத் தெரியும். எது நல்லதுன்னு நீயே சொல்லு மகனே."

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று நான் கரடியாகக் கத்தினேன். "ஒரு பையன் உழைச்சுச் சாப்பிடுறது உங்களுக்குப் பொறுக்கலையா? நீங்க கும்பிடுற ஆண்டவர் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"சிஸ்டர், இவங்களுக்காக ஜெபிங்க" என்றார் ஐயா.

தம்பி என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, குனிந்து லேஸை அவிழ்த்தான். இரட்டை முடிச்சு, நேரமானது. ஐயா மறுபடி மண்டியிட்டு ஷூவை இரண்டு கையாலும் வாங்கினார். கேமராக்காரர், "இன்னொரு தடவை" என்றதால் மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்கள்.

வாட்ச்மேன் தம்பியின் காலைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். "நான் என்னப்பா பண்றது, ரூல்" என்றார் சூப்பர்வைசர், எங்கள் முகத்தைப் பார்க்காமல். வரிசையில் முதலில் நின்றவனுக்குக் கையசைத்தார். அவன் தன் ஷூவை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

சிஸ்டர் தம்பியின் கன்னத்தைத் தடவினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"கலங்காதே. வேலை கிடைச்சவங்க யாரும் எங்ககிட்ட திரும்பி வர்றதில்லை. உன்னை இழந்துட்டோமேன்னு நான் எவ்வளவு ஜெபிச்சேன் தெரியுமா? இப்ப நீ மறுபடியும் நம்ம பிள்ளை."

அவர் கையைத் தட்டிவிட்டேன். அதற்குள் நெட்டை நடக்க ஆரம்பித்திருந்தான். உச்சி வெயில். தார் ரோடு கொதித்ததில் அவன் ஓரத்து நிழலைத் தேடித் தேடிக் காலை எடுத்து வைத்தான். நான் என் செருப்பைக் கழற்றி நீட்டினேன். அதில் அவன் விரல்கூட நுழையாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். எங்களுக்குப் பின்னாலிருந்து வேன் வந்தது, ஹாரன் அடித்தது, ஒதுங்கினோம். ஐயா கையசைத்தார். பின் சீட்டில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்கள்.